மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே

டக். டக். டக்.

எங்கள் அடுப்பின் பின்சுவரில் அந்தச் சத்தம் கேட்டபோது என் கைகள் முழங்கை வரை மாவில் இருந்தன. வியாழக்கிழமை, ரொட்டி சுடும் நாள். சுவருக்கு அந்தப் பக்கம், தன் சமையலறையில் இருந்து ஹெர்பர்ட் மாமா அடுப்பு கிளறும் கம்பியால் தட்டுகிறார். தோர்ன்கிளஃப் ஊரில் எங்கள் தெரு வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நின்றவை. எங்கள் அடுப்பும் அவர்கள் அடுப்பும் ஒரே சுவரில் முதுகு சாய்த்திருந்தன. ஒரு தட்டு என்றால் தேநீர் தயார். இரண்டு என்றால் சர்க்கரை இருக்கிறதா. மூன்று என்றால் ஓடி வா.

கடைசியாக மூன்று தட்டு கேட்டது அக்டோபர் மாதத்தில். அன்று ஓடிப்போனபோது மாமாவின் மனைவி கெசியா அத்தை நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டிருந்தார். பின்னி முடிக்காத காலுறை மடியில் கிடந்தது.

இப்போதும் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். கதவைத் தள்ளி உள்ளே போனால், மனிதர் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிரே பெரிய குடும்ப வேதாகமம் விரிந்து கிடக்கிறது. மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் கம்பி.

"கண்ணு, ஆடு கெடச்சிடுச்சு!" என்றார்.

"என்ன ஆடு? யாரு ஆடு? மாமா, உயிரே போயிடுச்சு எனக்கு!"

"கெசியாவோட ஆடு! பால் குறைஞ்சா, மீன் காணாம போனா, ஜன்னல் கண்ணாடி உடைஞ்சாகூட, 'எல்லார் பாவத்தையும் சொமக்கிற ஆடு நம்ம பூனைதான்'னு சொல்லுவாளே. இங்க பாரு. லேவியராகமம். ஊரோட பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டுத் தலையில ஏத்தி, வனாந்தரத்துக்கு வெரட்டி விடறாங்க. நாப்பத்தோரு வருஷமா நான் அது அவ பேச்சுன்னு நெனச்சிருந்தேன்!"

அடுப்பருகே படுத்திருந்த பூனை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

நான் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அந்தக் கண்களில் ஈரம் இருந்தது.

ஹெர்பர்ட் கிராப்ட்ரீ முப்பத்தெட்டு வருஷம் ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்தவர். அடுத்த கேபினிலிருந்து மணி அடித்தால் பதில் மணி அடித்து, நெம்புகோலை இழுத்து, வந்த வண்டியின் நேரத்தைப் பதிவேட்டில் எழுதி, ஒரு சொல் அதிகம் பேசாமல் வாழ்ந்த மனிதர். ஜெபக்கூடத்துப் பக்கம் போகவே மாட்டார். கல்யாணத்துக்கு ஒரு முறை, குழந்தையைப் புதைக்க ஒரு முறை, அவ்வளவுதான். ஆமாம், ஒரு குழந்தை இருந்தது. அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

அத்தையோ ஜெபக்கூடத்திலேயே வளர்ந்தவர். ஞாயிறு காலையில் ஆட்டிறைச்சியை அடுப்புக்குள் வைத்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஆனால் வீட்டில் யாருக்கும் போதனை செய்ய மாட்டார். வேதம் அவர் பேச்சில் உப்புப்போலக் கரைந்து கிடந்தது. எங்களுக்கு அது தெரியவும் இல்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசினோம், எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமலே. அத்தை கொஞ்சம் கூடுதலாகப் பேசினார். பேருந்தை ஓடிப் பிடித்தால், "என் பல்லுத் தோலோட தப்பிச்சேன்" என்பார். துணி பிழியும் உருளை சிக்கிக்கொண்டால், "என் புத்தி கடைசி முனைக்கு வந்துடுச்சு" என்பார். மாமா ஒரு கூடை நிலக்கரி கொண்டுவந்தால், "பனிக்காலத்துக்கு இது வாளியில ஒரு துளி" என்பார்.

மாமா வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் அத்தை வேறு ஒன்று சொல்வார். அந்த நேரத்தில் குரலே மாறிவிடும். விடியலோ மதியமோ, எந்தப் பணிமுறையானாலும், வாசலில் நின்று அவர் கழுத்துத்துணியைச் சரிசெய்துவிட்டுச் சொல்வார்:

"போய் வா. அடுப்பு உன்னை மறவாது."

அது வெறும் வார்த்தையும் இல்லை. மாமா எந்த நேரம் திரும்பினாலும் அந்த வீட்டு அடுப்பில் நெருப்பு இருக்கும். கரித்தூளை ஈரமாக்கி மேலே போர்த்தி, எட்டு மணி நேரம் கனிந்துகொண்டே இருக்கும்படி அத்தை வைத்திருப்பார். எங்கள் சுவர் அதனாலேயே எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அக்டோபருக்குப் பிறகு பல வாரம் அந்தச் சுவர் ஜில்லென்று கிடந்தது. அதில் கை வைத்துப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை மாமா கேட்டாராம், "இது எங்க இருக்கு?" என்று. "வேற எங்க? புத்தகத்துலதான்" என்றாராம் அத்தை.

கல்லறைக் கல்லில் அந்த வார்த்தையைத்தான் வெட்ட வேண்டும் என்று மாமா முடிவு செய்தார். வேறு எதுவும் அவருக்கு வேண்டாம்.

எங்கள் ஜெபக்கூடத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. கல்லில் பெயர் இருக்கலாம், பிறந்த நாளும் இறந்த நாளும் இருக்கலாம், அதற்குக் கீழே வேத வார்த்தை இருக்கலாம். வேறு ஒரு சொல்லும் கூடாது. அதிகாரமும் வசனமும் எழுதிக் கொடுத்தால்தான் கல்தச்சர் உளியைத் தொடுவார். அந்தப் பதிவேடு மிஸ் லாவினியா ஹார்ஸ்ஃபால் கையில் இருந்தது. அத்தையோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஐம்பது வருஷம் ஜெபக்கூடத்தில் ஒரே பலகையில் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வேதம் முழுக்க மனப்பாடம். மாமா அவருக்கு வைத்த பெயர் 'புனித லாவினியா'.

நவம்பரில் நான்தான் மாமாவை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

"எந்த அதிகாரம்? எந்த வசனம்?" என்றார் மிஸ் ஹார்ஸ்ஃபால், வாசற்படியிலேயே நின்றுகொண்டு.

"அது உனக்குத்தான் தெரியணும். புத்தகத்த மென்னு முழுங்கினவ நீதானே?"

மிஸ் ஹார்ஸ்ஃபால் அவரை மேலும் கீழும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஈஸ்டருக்கு முன்னால நிர்வாகிகள் கூடுறாங்க. அதுக்குள்ள நீயே தேடிக் கொண்டு வா, ஹெர்பர்ட்."

"இவளுக்கு நெஞ்சுக்குள்ள இருக்கறது சரளைக்கல்லு" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார் மாமா.

மறுநாளே தேடத் தொடங்கினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரட்டவில்லை. ஆதியாகமம் முதல் பக்கத்தில் ஆரம்பித்தார்.

"சங்கீதத்துல இருக்கலாம் மாமா, அங்க பாருங்களேன்" என்றேன்.

"ரெண்டாவது ஸ்டேஷன விட்டுட்டு மூணாவது ஸ்டேஷனுக்கு எந்த வண்டி போவுது?" என்றார்.

பழைய பதிவேடு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். காலை ஒன்பது மணிக்கு உட்காருவார். அதிகாரத்தின் எண், தொடங்கிய நேரம், முடித்த நேரம். கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவார். அந்த 'இல்லை' பக்கம் பக்கமாக வளர்ந்தது. ஆனால் அவர் தேடாதது எல்லாம் வந்துகொண்டிருந்தது. ஆடு கிடைத்த நாளுக்குப் பிறகு, அத்தையின் வார்த்தை ஒன்று கிடைக்கும்போதெல்லாம் தேயிலைப் பொட்டலக் காகிதத்தைக் கிழித்து அந்தப் பக்கத்தில் செருகுவார். கம்பியால் சுவரில் மூன்று தட்டு தட்டுவார். "மாமா, மூணு தட்டாதீங்க, ஒண்ணு போதும்" என்று கெஞ்சினேன். "ஒண்ணுன்னா டீ. இது டீயா?" என்றார்.

டிசம்பரில் யோபுவின் புத்தகத்துக்கு வந்தார். சொத்தும் பிள்ளைகளும் போய், உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து அந்த மனிதன் சொல்கிறான், பல்லின் தோலோடு தப்பினேன் என்று.

"பாவி மவ! பஸ்ஸ புடிச்சதுக்கு இதையா சொன்னா!" சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. நான் முதுகைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் மீண்டும் மூன்று தட்டு. போனபோது அவர் சிரிக்கவில்லை. விரலைப் பக்கத்தின் அடியில் வைத்துக் காட்டினார். யோபுவின் துன்பமெல்லாம் தீர்ந்து, அவனுக்கு மறுபடி மூன்று பெண்கள் பிறக்கிறார்கள். இரண்டாவது பெண்ணின் பெயர் கெசியா.

"இவ பேரே இங்க இருந்திருக்கு, கண்ணு" என்றார். "தேசத்துலயே அவ்வளவு அழகான பொண்ணுங்க இல்லையாம். நாப்பத்தோரு வருஷத்துல ஒருதரம் சொல்லியிருக்கக் கூடாதா இவ? நான் ஒருதரம் கேட்டிருக்கக் கூடாதா?"

அந்த முரட்டு மனிதர் என் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். இன்றும் எனக்கு ரொட்டி மாவு வாசனை வந்தால் அந்த அழுகை கேட்கிறது.

குளிர் இறுகியது. சங்கீதத்தில் புயலில் சிக்கிய கப்பல்காரர்கள் குடிகாரர்களைப்போலத் தள்ளாடி, புத்தியின் கடைசி முனைக்கு வந்து நின்றார்கள். அத்தையின் துணி பிழியும் உருளை எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது. பிரசங்கியில் தைலக்காரனின் தைலத்தில், அத்தனை நல்ல தைலத்தையும் கெடுத்துக்கொண்டு, ஓர் ஈ செத்துக் கிடந்தது. "இது என் தம்பி! ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் வண்டிய விட்டு எறங்கும்போது ஜன்னல்கிட்ட நின்னு, 'தைலத்துல ஈ வந்தாச்சு'ன்னு இதத்தான் கெசியா முணுமுணுப்பா" என்றார். ஏசாயாவில் வாளியின் துளி இருந்தது. நான் போகும்போதெல்லாம் அவர் மூன்று பக்கம் பின்னால் புரட்டி, பழையதை எல்லாம் மறுபடி சொல்வார். நானும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பேன். சுவர் மறுபடி வெதுவெதுப்பானது. உட்கார்ந்து படிக்க வேண்டுமே, அதற்காக அவரே கரித்தூளை நனைத்து நெருப்பைப் போர்த்தக் கற்றுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ஏழு நாள் சத்தமே இல்லை. எட்டாவது நாள் பயந்துபோய் நானே சென்றேன். பழைய ஏற்பாடு முடிந்து மல்கியாவின் கடைசிப் பக்கமும் திரும்பியிருந்தது. அடுத்து மத்தேயு வர வேண்டும். நடுவில், குடும்ப வேதாகமங்களில் வெற்றுப் பக்கங்கள் இருக்குமே, திருமணம், பிறப்பு, இறப்பு என்று தலைப்பிட்டு, அவை விரிந்து கிடந்தன. அத்தையின் சாய்ந்த கையெழுத்து. திருமணம் ஒன்று. பிறப்பு ஒன்று: ரூத். இறப்பும் ஒன்று: ரூத், பத்தொன்பது நாள். பிறப்புப் பக்கத்தில் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக, 'கண்ணின் மணி' என்று எழுதியிருந்தார்.

"உபாகமத்துல பாத்தேன் இத," என்றார் மாமா. "ஆண்டவர் தன் ஜனத்தக் கண்ணின் மணி மாதிரிக் காத்தாராம். அப்ப சும்மா தாண்டிட்டேன். அவ புள்ளைய அப்படிக் கூப்பிட்டது எனக்கு மறந்தே போச்சு, கண்ணு. நான் மறந்துட்டேன்."

தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை பிற்பகல். டக், டக், டக். போனால், மாமா கழுத்துப்பட்டை கட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத் தயாராக நிற்கிறார்.

"புனித லாவினியா வர்றா. கூட இரு, கண்ணு. தனியா அவளச் சமாளிக்க என்னால ஆகாது."

"கெடச்சுதா மாமா?"

அவர் ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தார்.

மிஸ் ஹார்ஸ்ஃபால் கறுப்புத் தொப்பியும் கைப்பையுமாக வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேசைமேல் வேதாகமம் காகிதத் துண்டுகளால் வீங்கிப் போயிருந்தது. அதைப் பார்த்தார். பையிலிருந்து கல்லறைப் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது வேதத்துல இல்ல, ஹெர்பர்ட்" என்றார்.

"தெரியும். நேத்து காலையில பத்து நாப்பதுக்குக் கடைசிப் பக்கத்த முடிச்சேன்."

"எனக்கு நவம்பர்லயே தெரியும்."

அடுப்பில் கரி ஒன்று சரிந்தது. மாமாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"தெரிஞ்சுமா? தெரிஞ்சுக்கிட்டேவா என்னைய அஞ்சு மாசம் உக்கார வெச்ச? ஆதாம்லேர்ந்து ஆரம்பிச்சு, யாரு யாரைப் பெத்தான்னு அத்தனை பேரையும் படிச்சேனே! கண்ணு போச்சு, முதுகு போச்சு. வேடிக்க பாத்தியா நீ? கெசியாவோட புருஷன் முட்டாள்னு உங்க பலகை முழுக்கச் சொல்லிச் சிரிச்சியா?"

"அன்னிக்கு நீ என் வாசல்ல வந்து நின்ன" என்றார் மிஸ் ஹார்ஸ்ஃபால். அவர் குரல் உயரவில்லை. "கோட்டு பட்டன் எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருந்த. மூணு நாள் தாடி. கையில கரியே இல்ல, பாத்தேன். பொண்டாட்டி போனவன் கையில கரி இல்லன்னா வீட்டுல அடுப்பு எரியலன்னு அர்த்தம். இல்லன்னு அங்கேயே சொல்லியிருந்தா நீ வீட்டுக்கு வந்து என்ன செஞ்சிருப்ப, ஹெர்பர்ட்?"

மாமா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் அவ இல்லாம ஒண்ணும் சரியில்ல," என்று மிஸ் ஹார்ஸ்ஃபால் படிவத்தைப் பார்த்தபடியே சொன்னார். "பக்கத்துல அவ குரல் இல்லாம எந்தப் பாட்டுக்கும் எனக்குச் சுருதி நிக்க மாட்டேங்குது. சரி, விடு. வேற ஒண்ணு இருக்கு. ஏசாயா நாப்பத்தொம்பது, பதினஞ்சு. பெத்தவ மறந்தாலும் நான் உன்ன மறக்க மாட்டேன்னு வருது. அத எழுதிக்கலாம். ரொம்பக் கிட்டக்க வருது."

"பாத்தேன். அன்னிக்குப் பாதி நாள் அதுதான்னே நெனச்சேன்" என்றார் மாமா. "நல்ல வார்த்தைதான். ஆனா அதுல அடுப்பு இல்ல, லாவினியா. அது ஆண்டவர் சொன்னது. இது கெசியா சொன்னது. அவ பேசினதெல்லாம் அங்கங்க கெடச்சுது. எல்லாமே வேற யாரோ முன்னாலயே பேசினது. இது ஒண்ணுதான் அவளே செஞ்சது. எனக்காகச் செஞ்சது. இது இல்லன்னா கல்லுல வெறும் பேரு மட்டும் போதும்."

"சட்டம் என்னோடது இல்ல. புத்தகத்துல இருந்தாத்தான்..."

"புத்தகத்துல இருக்கு" என்றார் மாமா.

எழுந்து வேதாகமத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே. இறப்புப் பக்கத்தில், ரூத்தின் பெயருக்குக் கீழே, சிக்னல் பதிவேட்டில் எழுதிப் பழகிய அந்தக் கட்டைக் கையெழுத்தில் கெசியாவின் பெயரும் நாளும் இருந்தன. அதன் கீழே: 'போய் வா. அடுப்பு உன்னை மறவாது.' மை புதிது.

மிஸ் ஹார்ஸ்ஃபால் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. எதிர்ப்பக்கத்தில் 'கண்ணின் மணி'யில் அவர் விரல் ஒரு கணம் நின்றது. அந்தப் பத்தொன்பது நாளும் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"தப்பான பக்கத்துல எழுதியிருக்க" என்றார் கடைசியில்.

"அவ செத்த பக்கம் அதானே?"

"அவ செத்தா. இந்த வார்த்தை செத்துதா? பிறப்புப் பக்கத்துல எழுது. ரூத்துக்குக் கீழ. நேரா எழுது, கோடு சாயுது உனக்கு."

மாமா பேனாவை எடுத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை மிஸ் ஹார்ஸ்ஃபால் எழுந்து நின்று பார்த்தார், பள்ளிக்கூடத்து வாத்தியார் பார்ப்பதுபோல. பிறகு அதே பேனாவை வாங்கித் தன் படிவத்தில், அதிகாரம், வசனம் என்றிருந்த இடத்தில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே' என்று இருந்தது.

"நிர்வாகிங்க கேட்டா?" என்றேன் பயந்துபோய்.

"புத்தகத்துல என் கண்ணால பாத்தேன்னு சொல்லுவேன். பாத்தேன்தானே? முப்பத்திரண்டு வருஷமா நான் சொன்ன வசனத்த அவங்க ஒருத்தரும் தொறந்து சரிபார்த்ததில்ல. இனிமேலா பாக்கப் போறாங்க?" படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்து, படக்கென்று மூடினார். "டீ வேண்டாம். நேரமாச்சு."

மாமா அவருடன் வாசல்வரை போனார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மிஸ் ஹார்ஸ்ஃபால் குடையை விரித்துப் படியில் இறங்கினார். மாமா கதவைப் பிடித்தபடி நின்றார்.

"போய் வா, லாவினியா" என்றார். "அடுப்பு உன்னை மறவாது."

கறுப்புத் தொப்பி இரண்டாவது படியில் நின்றது. திரும்பவில்லை. குடை மட்டும் கொஞ்சம் தாழ்ந்து முகத்தை மறைத்தது. பிறகு அவருடைய ஷூச்சத்தம் ஈரக் கல்லில் தெருமுனைவரை போயிற்று. அது தேயும்வரை காத்திருந்து, குளிர் உள்ளே வராமல் மாமா கதவைச் சாத்தினார்.